உலர்த்தும் அறை

காகித ஆலைக்குப் போகும் சாலையில், ஆலை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் எடைமேடை இருந்தது. பழைய அட்டைப்பெட்டிகளையும் செய்தித்தாள்களையும் கட்டுக்கட்டாக ஏற்றி வருகிற லாரிகள் அந்த இரும்புத் தளத்தில் ஏறி நின்று, எடை போட்ட பிறகுதான் உள்ளே போக முடியும். மேடையை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. அதில் உட்கார்ந்திருப்பவரை லாரிக்காரர்கள் எடைக்காரர் என்றார்கள். தெருவில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

எடைக்காரருக்கு எண்கள் மேல் நம்பிக்கை உண்டு. அதைவிடத் தன் கை மேல் நம்பிக்கை அதிகம். பழைய அட்டை வியாபாரிகளில் சிலர் வழியில் லாரியை நிறுத்தி, கட்டுகளின் நடுவில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி விடுவார்கள். நனைந்த அட்டை கனக்கும், கனத்தால் காசு. எடைக்காரர் லாரி மேல் ஏறி, இரண்டு கட்டுகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விடுவார். ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். “ஈரம்” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. லாரி ஓரமாகப் போக வேண்டும். கட்டுகளை இறக்கி, பிரித்து, வெயிலில் பரப்ப வேண்டும். காய்ந்த பிறகுதான் எடை.

“அண்ணே, வழியில மழைண்ணே.”

“அது எப்படிப்பட்ட மழை? கட்டோட நடுவுல மட்டும் பெய்யுது, மேல தூசி பறக்குது?”

“உங்ககிட்டப் பொய் சொன்னா நாக்கு வத்திப் போயிடும்ணே.”

“வத்தட்டும். எடை கொறையும்.”

கண்டிப்பானவர், ஆனால் பொல்லாதவர் இல்லை. கட்டுகள் காய்கிற வரை அந்த ஓட்டுநருக்குத் தன் அறையில் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் கை காலைக் கழுவி, சுவரோரம் நின்று அரை நிமிடம் கண்ணை மூடிக் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார். அவர் மனைவி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடுதிகளின் விரிப்புகளும் மருத்துவமனையின் பச்சைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் இடம் அது. எடைக்காரரின் அக்கா பக்கத்து வீடு. ஆலை கேன்டீனில் சமையல். அவள் தன் வீட்டுக்குள் பேசினாலே தெருவுக்கெல்லாம் தகவல் வந்துவிடும்.

இவர்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்ததால் வாண்டு என்று பெயர் விழுந்தது. அந்த வாண்டு இப்போது பளு தூக்கினாள். பள்ளிக்கூடத்துப் பழைய கிடங்கில் ரப்பர் விரிப்பு போட்டு, விளையாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்றார்கள். இரும்புத் தண்டின் இரண்டு பக்கமும் தட்டுகளைக் கோர்த்து, வாண்டு குனிந்து பிடித்து, மூச்சை அடக்கித் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறபோது, பார்க்கிறவர்கள்தான் மூச்சு விட மறந்து போவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. முதலாவதாக வந்தால் விளையாட்டு விடுதியில் இடம். தங்குவது, சாப்பாடு, கல்லூரிப் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாண்டு பதிந்திருந்தது ஐம்பத்தைந்து கிலோப் பிரிவு. போட்டியன்று காலையில் ஒவ்வொருத்தியையும் எடை பார்ப்பார்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் துளி கூடினாலும் மேடை ஏற முடியாது.

அப்பாவின் கண்ணாடி அறையில், கட்டுகளை எடை போடுகிற சின்னத் தராசில்தான் வாண்டு தினமும் காலையில் ஏறிப் பார்ப்பாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஏறியவள் இறங்கி, மறுபடி ஏறினாள்.

“அப்பா, தராசு சரியில்ல.”

“என் தராசையா சொல்றே? போன வாரம்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க.”

“ஒன்றரைக் கிலோ கூடக் காட்டுதுப்பா. நேத்து ராத்திரி ரெண்டு முட்டை, கொஞ்சம் சோறு. அவ்வளவுதான். அத்தை குடுத்த கேக்கைக் கூடத் தொடல.”

“நீ தொடலன்னு எனக்குத் தெரியும். தின்னவன் நான்.”

அவள் சிரிக்கவில்லை. எடைக்காரர் எழுந்து வந்து, தராசில் நின்றவளின் காலைப் பார்த்தார். காலுறை இருந்த இடத்தில் வளையமாகத் தடம் விழுந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினார். சின்னதாகக் குழி விழுந்து, மெதுவாக நிரம்பியது. அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“இது சாப்பாட்டுல ஏறினது இல்ல. ஈரம்.”

“ஈரமா?”

“தண்ணிம்மா. உடம்புல தண்ணி கோத்திருக்கு. இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. காய விட்டா எறங்கிடும்.”

அவருடைய கை அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. அது தண்ணீர்தான். தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்பதில்தான், வாழ்நாளெல்லாம் அட்டைக் கட்டோடு புழங்கிய மனிதர் வழி தவறிப் போனார்.

கொண்டுவந்த டிபன் பெட்டியை மேசையில் வைத்துக்கொண்டிருந்த மனைவி இதைக் கேட்டாள். அவளுக்கு உடனே விளங்கியது. மாதவிலக்குக்கு முந்திய வாரம் அவளுக்கும் இப்படித்தான். விரல் தடித்து மோதிரம் கழற்ற வராது. மகளுக்கும் தேதி நெருங்கிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் ஆண்கள் காதுபட அதைப் பேசியதில்லை. அந்த நாட்களில் மகள் சுருண்டு படுத்திருந்தால், எடைக்காரர் சத்தமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெண்களுக்குத் தான் கொடுக்கிற மரியாதை அது என்று அவர் நினைத்திருந்தார். அந்த மரியாதையைக் கலைக்க அவளுக்கும் வாய் வரவில்லை.

“ரெண்டு நாள் போனா தானா சரியாயிடுங்க,” என்றாள்.

“எப்படிச் சரியாகும்? காரணம் வேணாமா?”

“சரியாயிடும்னு தோணுது.”

“உனக்குத் தோணுறத எடை பாக்குறவங்க ஒத்துக்குவாங்களா?”

அவள் டிபன் பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். வந்ததும் தராசைப் பார்த்தார், வாண்டுவைப் பார்த்தார், எடைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

“தண்ணியக் குறைப்போம்ணே. பசங்க எல்லாம் அப்படித்தான் எறக்குவானுங்க. வியாழக்கிழமையில இருந்து சுத்தமா நிறுத்திட்டு, நல்லா வேர்க்க விட்டா சர்ருனு எறங்கும். சூடான இடம் எதாவது இருக்கா?”

எடைக்காரர் மனைவியைப் பார்த்தார்.

சலவைக்கூடத்தில் உலர்த்தும் அறை என்று ஒன்று உண்டு. சுவர் நெடுக ஆவிக்குழாய்கள் ஓடும். உள்ளே வரிசை வரிசையாகக் கம்பிகள். பிழிந்த விரிப்புகளை இரண்டு பேராகத் தூக்கி மாட்டினால், கனத்துத் தொங்கியவை கொஞ்ச நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். மாட்டுவதற்கும் எடுப்பதற்கும் மட்டும்தான் உள்ளே போவார்கள். கதவோரம் ஒரு பெரிய தண்ணீர்க் கேன். வெளியே வருகிறவள் ஒரு டம்ளர் குடிக்காமல் நகரக்கூடாது என்பது மேற்பார்வை பார்க்கும் அம்மாவின் சட்டம். அந்த அம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் ராணுவம் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை காலையில் தராசு வெறும் கால் கிலோதான் குறைத்துக் காட்டியது. முந்தின நாள் முழுக்க வாண்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. தலை வலிக்கிறது என்றாள்.

“இன்னும் காயல,” என்றார் எடைக்காரர், கவலையாக. “என்னமா புடிச்சு வெச்சிருக்கு பாரு.”

இரண்டு பேரும் வீடு திரும்பியபோது அத்தைக்காரி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். “டேய், புள்ள மூஞ்சியப் பார்த்தியா? கருவாடு மாதிரி இருக்கா. ஒரு டம்ளர் கஞ்சித்தண்ணி குடுத்தா உன் சொத்தா அழிஞ்சு போயிடும்?”

“அக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் அண்டா நிறையக் குடிக்கட்டும்.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் இவ இருக்கணுமே!”

“நல்ல வார்த்தை பேசுக்கா.”

“நீ நல்ல காரியம் பண்ணுடா.”

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் வாண்டு சலவைக்கூடத்துக்கு வந்தாள். துணி மடிக்க உதவ வந்திருக்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். மடித்த விரிப்புகளுக்குப் பின்னால் நின்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்து வரை பொத்தான் போட்டு, உலர்த்தும் அறைக்குள் போய் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். முகத்தைச் சுற்றி வெள்ளை விரிப்புகள் அசையாமல் தொங்கின. சோப்பு வாசனையும் சூடான இரும்பு வாசனையும் நெஞ்சை அடைத்தன.

அம்மா விரிப்பு எடுக்கிற சாக்கில் அடிக்கடி உள்ளே வந்தாள்.

“போதும், வெளிய வாடி.”

“இன்னும் கொஞ்சம்மா.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“விடுதில எடம் கெடைச்சா நீ இந்தச் சூட்டுல வேலை பாக்கவே வேணாம்மா. அதை நெனச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.”

அம்மா காய்ந்த விரிப்புகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். அடுத்த தடவை அவள் உள்ளே வந்தபோது மகளின் கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

“அம்மா, முதல்ல வேர்த்துச்சு. இப்ப வேர்க்கவே மாட்டேங்குது. கெண்டைக்கால் ரெண்டும் முறுக்குது.”

நெற்றியில் கை வைத்தாள். ஆவிக்குழாயைத் தொட்ட மாதிரி இருந்தது. “எந்திரி, எந்திரி” என்று தூக்கப் போனாள். வாண்டு எழுந்தாள், எழுந்தவள் எதிரே தொங்கிய விரிப்பைப் பிடித்தாள், விரிப்போடு சேர்ந்து சரிந்தாள்.

அம்மா போட்ட சத்தத்தில் உருளை இயந்திரங்கள் நின்றன. ராணுவம் ஓடி வந்தாள். மழைக்கோட்டைப் பார்த்தாள், வெடித்த உதட்டைப் பார்த்தாள். யார் எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

“வெளிய தூக்குங்க. கோட்டைக் கழட்டு. அலசின விரிப்பு ரெண்டு எடு, பிழியாதே, அப்படியே கொண்டா. விசிறி எல்லாத்தையும் இந்தப் பக்கம் திருப்பு. ஆஸ்பத்திரித் துணி வேன் கெளம்பிடுச்சா?”

“ஏத்திட்டு இருக்காங்கம்மா.”

“ஏத்தினத எறக்கச் சொல்லு.”

ஈர விரிப்பைச் சுற்றி, துணி தள்ளுகிற வண்டியில் வாண்டுவைக் கிடத்தி வேனுக்குக் கொண்டு போனார்கள். மருத்துவமனைக்கென்று மடித்து வைத்த பச்சைத் துணிகளின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். அம்மா ராணுவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “பொய் சொல்லித்தான்மா உள்ள விட்டேன், மன்னிச்சுக்குங்க” என்று அழுதாள்.

“அதெல்லாம் அப்புறம். வேன்ல ஏறு. வழி நெடுக அந்தத் துணிமேல தண்ணி தெளிச்சுக்கிட்டே போ,” என்று தன் குடிதண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள் ராணுவம். கடவுள் அந்த மத்தியானத்தில் யாராக வந்தார் என்று கேட்டால், வாண்டுவின் அம்மா இன்றைக்கும் ராணுவத்தைத்தான் காட்டுவாள்.

எடைக்காரர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது மகளுக்குக் கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தாள். டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கடைசியா பீரியட்ஸ் எப்பம்மா வந்துச்சு?”

வாண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். எடைக்காரர் திரும்பி வாசல் பக்கம் நடந்தார்.

“நீங்க எங்க போறீங்க?”

“இல்லம்மா... பொம்பளைங்க விஷயம்...”

“தண்ணி குடிக்காதேன்னு சொன்னது பொம்பளைங்களா?”

அவர் நின்றார். “நான்தாம்மா சொன்னேன்.”

“அப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தார். டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. வாண்டு மெல்லிய குரலில் தேதி சொன்னாள். இரண்டொரு நாளில் வர வேண்டும்.

“அதான். தேதி நெருங்கும்போது சில பொண்ணுங்களுக்கு உடம்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். வந்துட்டா ரெண்டு மூணு நாள்ல தானா எறங்கிடும். அந்த வாரத்துல உடம்புச் சூடும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அப்பத்தான் பார்த்துக் குடிக்கணும். நீங்க அப்பப் பார்த்து நிறுத்தியிருக்கீங்க. குடிக்கலேன்னா உடம்பு பயந்து போய், இருக்கிறதையும் இறுக்கிப் புடிச்சுக்கும். அதான் எறங்கல.”

“தண்ணிதான்னு கண்டுபுடிச்சேன்மா,” என்றார் எடைக்காரர், தன் கையையே பார்த்துக்கொண்டு. “காய வெச்சா போயிடும்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா எழுந்தாள். “ரத்தம் பார்க்க அனுப்பியிருக்கேன். உள்ள ரொம்ப வறண்டு போயிருக்கு. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு தெரியணும். இப்போதைக்கு எனக்கு ஒண்ணுதான் வேணும். இருட்டுறதுக்குள்ள இவ நல்லாச் சிறுநீர் போகணும். போயிட்டா எனக்குப் பாதி நிம்மதி. இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.”

அதற்குப் பிறகு அந்த வார்டில் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதை எடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவோ லாரிகளை எடை போட்ட மனிதர், ஒரு சொட்டின் கனத்தை அன்றைக்குத்தான் அறிந்தார்.

அத்தைக்காரி பெரிய பிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தாள். வந்தவள் மருமகளின் தலையைத் தடவிவிட்டு, நேராகத் தம்பியிடம் போனாள்.

“அட்டைப்பெட்டின்னு நெனச்சியாடா அவள?”

“அக்கா, மெதுவா.”

“மொட்டை மாடில காயப் போடாம விட்டியே, அதுவரைக்கும் பரவால்ல.”

பக்கத்துக் கட்டில் கிழவர் போர்வைக்குள் சிரித்தார். எடைக்காரர் தலை குனிந்து கொண்டார். அத்தைக்காரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் கஞ்சி ஊற்றி அவர் கையில் திணித்தாள். “குடி. காலைல இருந்து நீயும் ஒண்ணும் குடிக்கல. மூஞ்சி தெரியுது.”

மாஸ்டர் வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். எடைக்காரர் ஏதாவது கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். எடைக்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, “உக்காருங்க மாஸ்டர்” என்றார்.

“பொம்பளைப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்குறேன், ஆனா இதெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லண்ணே. எப்படிக் கேக்குறது, தப்பா நெனச்சுட்டா? கூச்சம். எனக்குப் பசங்க உடம்புதான் தெரியும். அதையே இவளுக்கும் சொல்லிட்டேன்.”

“எனக்கு அட்டைதான் தெரியும்,” என்றார் எடைக்காரர். “நீங்களாவது பரவால்ல.”

அப்போதுதான் வாண்டுவின் அம்மா பேசினாள். அத்தனை நேரம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள், கையை எடுக்காமலே பேசினாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவ தராசுல நிக்கும்போதே தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க இருக்கீங்களேன்னு முழுங்கிட்டேன். இந்த வீட்டுல யாரும் யாருக்கும் கெடுதல் நெனைக்கலங்க. எல்லாரும் மரியாதையாத்தான் இருந்தோம். மரியாதையா இருந்து இருந்து, புள்ளையக் கொண்டாந்து இங்க படுக்க வெச்சிருக்கோம்.”

எடைக்காரர் பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே முழுங்காதே. என்கிட்டச் சொல்லு. எனக்குப் புரியலேன்னாலும் சொல்லு” என்றார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனார்.

வராந்தாவில் சன்னலோரம் நின்று கண்ணை மூடினார். அவர் கடவுளிடம் நிறையக் கேட்டிருக்கிறார்; மழைக்கு ஒழுகாத கூரை, மகளுக்கு நல்ல படிப்பு. இதைப்போல ஒன்றைக் கேட்போம் என்று நினைத்ததில்லை. எந்த வார்த்தையில் கேட்பது என்று முதலில் தயங்கினார். உடம்பைப் படைத்தவருக்கு உடம்பின் வார்த்தை கூச்சமாகவா இருக்கும் என்று தோன்றியது. பச்சையாகவே கேட்டார்.

சன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நர்ஸ் இரண்டாவது பாட்டிலை மாற்றினாள்.

“வருதாம்மா?” என்று அத்தைக்காரி கேட்டாள்.

“இல்ல அத்தை.”

“வர மாதிரி இருக்கா?”

“நீங்க இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி அத்தை வரும்?”

“சரி, கேக்கல. நான் அந்தப் பக்கம் பார்த்துக்குறேன்.” அந்தப் பக்கம் பார்த்தாள். “இப்ப?”

வாண்டு சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. உதடு வெடித்து வலித்தது, ஆனாலும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அம்மா. போகணும் போல இருக்கு.”

அம்மா ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், மருந்துப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தைக்காரி பின்னால் என்று ஊர்வலம் போல் குளியலறைக்குப் போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாஸ்டர் எழுந்து நின்றார். ஏன் எழுகிறோம் என்று தெரியாமல் பக்கத்துக் கட்டில் கிழவரும் எழுந்து உட்கார்ந்தார்.

நர்ஸ் அளவுக் குவளையோடு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “நிறம் கொஞ்சம் அடர்த்திதான். ஆனா நிறைய இருக்கு. போதும், நல்லா இருக்கு” என்றாள்.

“போயிட்டா!” என்று அத்தைக்காரி உள்ளேயிருந்தே கத்தினாள். “டேய் தம்பி, போயிட்டாடா!”

வார்டு முழுக்கச் சிரிப்பு. எடைக்காரர் வராந்தாவிலிருந்து ஓடி வந்தார். அந்தக் குவளையைப் பார்த்தார். கண்ணீரைத் துடைக்காமல் இரண்டு கையையும் நெஞ்சருகே கூப்பிக்கொண்டு நின்றார். குவளையைப் பார்த்துக் கும்பிட்ட முதல் ஆள் நீங்கதான் என்று நர்ஸ் கேலி செய்தாள்.

ரத்தச் சோதனை வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றாள் டாக்டரம்மா. ஆனால் ஒரு வாரத்துக்குப் பளு தூக்கக் கூடாது. தேர்வுப் போட்டி இவளில்லாமல் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டு சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். அம்மா தடுக்கவில்லை. அழுது முடித்து எழுந்தவளுக்கு அத்தைக்காரி முட்டையும் சோறும் வைத்தாள். இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு முந்தின நாளே மாதவிலக்கு வந்திருந்தது.

புதன்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்று எடைக்காரர் சொல்லச் சொல்ல, தராசில் ஏறினாள். நாலு நாளாக வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவள். ஐம்பத்து நாலரை காட்டியது. இரண்டு பேரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாவி,” என்றார் எடைக்காரர். தராசைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

அடுத்த தேர்வு சில மாதங்கள் கழித்து. டாக்டரம்மாவிடம் கேட்டு, மாஸ்டர் அவளை மேல் பிரிவுக்கு மாற்றினார். ஐம்பத்தொன்பது. ஒட்டி ஒட்டி நிற்க வேண்டியதில்லை; சாப்பிட்டு, குடித்து, வளர இடம் இருந்தது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் குடிக்கப் பழகினாள். தேதிக்கு முந்திய வாரத்தில் மாஸ்டரே பயிற்சிக்கு நடுவில் நிறுத்திக் குடிக்கச் சொன்னார், வேர்வை அதிகமான நாளில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு. எடைக்காரருக்குத்தான் புதுப் பழக்கம் பிடிபடக் கொஞ்ச நாளாயிற்று. முதல் தடவை, லாரிக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போதே கண்ணாடி அறைக்குள்ளிருந்து, “இந்த மாசம் தேதி எப்பம்மா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டார்.

“அப்பா, மைக் வெச்சுக் கேளுங்க,” என்றாள் வாண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு.

லாரிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், “எனக்கும் ரெண்டு பொண்ணுண்ணே” என்று தயங்கித் தயங்கி வந்து, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனான்.

போட்டி ஒரு பெரிய கூடத்தில் நடந்தது. வாண்டுவின் பிரிவுக்கு எடை பார்த்து முடித்திருந்தார்கள். ஐம்பத்தொன்பதுக்குள் தாராளமாக வந்திருந்தாள். அடுத்த பிரிவுக்கான எடை பார்ப்புக்குப் பெண்கள் வரிசையில் காத்திருந்தார்கள். மேடையில் தட்டுகளைக் கோர்க்கும் சத்தம் கேட்டது. எடைக்காரரும் மனைவியும் முன் வரிசையில் இடம் பிடிக்கப் போனார்கள்.

வழியில், சுவரோரம் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருந்தாள். தடித்த கம்பளிச் சட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் கோட்டு. மடியில் ஒரு டப்பா; எடை குறைய அதில் துப்ப முயன்றாள், எச்சில் வரவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அப்பா அடிக்கடி கடிகாரம் பார்த்தார்.

வாண்டுவின் அம்மா நின்றுவிட்டாள். எடைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“உனக்குத் தேதி எப்பம்மா?”

அந்தப் பெண் மிரண்டு தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் சிவந்தது.

“யாரும்மா நீங்க? என்ன கேக்குறீங்க, இந்த இடத்துல?”

“ஒரு புள்ளையப் பெத்தவங்க. கோவிச்சுக்காதீங்க. சொல்லும்மா. உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

அந்தப் பெண்ணின் கண் நிறைந்தது. “நாளைக்கு,” என்றாள். “ஒரு கிலோ அதிகமா இருக்கு. ரெண்டு நாளா எறங்கவே இல்ல.”

“எறங்காதும்மா. இப்ப எறங்காது.”

எடைக்காரர் அந்த அப்பாவின் தோளில் கை வைத்தார். “சார், மேல் பிரிவுக்கு இப்பவும் மாத்தித் தருவாங்க. வாங்க, நடுவர் மேசையில போய்க் கேப்போம். நடந்துக்கிட்டே நான் ஒரு கதை சொல்றேன்.” அந்த அப்பா தோளை உதறவில்லை. மகளை ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு எடைக்காரரோடு நடந்தார்.

ஒலிபெருக்கியில் வாண்டுவின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் அம்மா பிளாஸ்டிக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில் மூடியைத் திறந்து அந்தப் பெண்ணின் உதட்டில் வைத்தாள். கூடம் அமைதியானது.

“உங்க பொண்ணா? போய்ப் பாருங்க அத்தை,” என்றாள் அந்தப் பெண், இரண்டு வாய்க்கு நடுவில்.

“நீ குடி. மெதுவா, மெதுவா. மடமடன்னு குடிக்காதே.”

மேடையில் இரும்புத் தண்டு விரிப்பில் விழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து கைதட்டல் கூடம் முழுக்க எழுந்தது. அவள் பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.